ரீயூனியன் தீவு: காலையில் எரிமலை, மத்தியானத்துக்கு மேல் கடல்

ரீயூனியனுக்குப் போகிறவர்கள் செய்கிற முதல் தப்பு தாமதமாக எழுந்திருப்பது. நானும் அதைத்தான் செய்தேன். விடுமுறைதானே என்று எட்டரைக்கு எழுந்து, குளித்து, ரொட்டியும் காபியும் முடித்து, ஆடி அசைந்து மைதோ காட்சிமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. 2,200 மீட்டர் உயரத்தில் நின்று கீழே மஃபாத் பள்ளத்தாக்கு முழுவதையும் பார்க்க வேண்டிய இடம் அது. எனக்குத் தெரிந்தது கம்பி வேலியும் அதற்கு அப்பால் ஒரு வெள்ளைச் சுவரும்தான், அதாவது மேகம். இறங்கிக் கொண்டிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தன் கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டினார். பாஷை தேவைப்படவில்லை.

விஷயம் இதுதான். வெயில் ஏறியதும் கடலிலிருந்து ஈரக்காற்று மலைச்சரிவில் ஏற ஆரம்பித்துவிடும், மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகும். ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் உயரமான இடங்கள் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் மேற்குக் கரையில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். அதனால் இந்தத் தீவுக்கு ஒரே ஒரு அட்டவணை போதும்: விடிகாலையில் மலை, மத்தியானத்துக்கு மேல் கடல். மாற்றிச் செய்தால் காலையில் கடற்கரையில் உட்கார்ந்து தெளிவான மலையைப் பார்ப்பீர்கள், மத்தியானம் மலையில் உட்கார்ந்து மேகத்தைப் பார்ப்பீர்கள்.

போவதற்கு முன் ஒரு வார்த்தை. மடகாஸ்கருக்குக் கிழக்கே சுமார் 700 கிலோமீட்டரில், மொரீஷியஸுக்குத் தென்மேற்கில் இருக்கிற இந்தத் தீவு பிரான்ஸின் ஒரு மாவட்டம். பணம் யூரோ, பேச்சு பிரெஞ்சும் அதிலிருந்து பிறந்த கிரியோலும், வண்டி ஓடுவது வலப்பக்கம். ஆனால் ஐரோப்பாவின் பொது விசா வட்டாரமான ஷெங்கன் பகுதியில் இது சேராது. பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசா இருக்கிறதே என்று நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள், பிரெஞ்சுத் தூதரகத்தின் தளத்தில் அன்றைய விதியைப் பார்த்துவிட்டு அப்புறம் போடுங்கள். மே முதல் நவம்பர் வரை நல்ல காலம், மழை குறைவு, மேலே குளிர். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வெக்கை, மழை, புயல். மழை என்றால் நம் ஊர் மழை இல்லை. 1980-ல் இயாசிந்த் புயலின்போது எரிமலை வழியில் இருக்கிற கொம்மெர்சோன் பள்ளத்தில் 15 நாளில் ஆறாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, அது உலக சாதனை. ஆறு மீட்டர் தண்ணீர், அதாவது இரண்டு மாடி உயரம்.

கார் வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும். மஞ்சள் பஸ்கள் கரையோர ஊர்களுக்கு ஒழுங்காக ஓடுகின்றன, ஆனால் விடிகாலையில் எரிமலையில் நிற்க வேண்டுமென்றால் சொந்த வண்டிதான் வழி. டெபாசிட் பிடிக்கக் கிரெடிட் கார்டுதான் வேண்டும், டெபிட் கார்டு ஆகாது என்று கவுன்டரில் கைவிரித்துவிட்டார்கள், எனக்கு அதிலேயே அரை நாள் போயிற்று. கார்டு ஓட்டுபவர் பேரிலேயே இருக்கட்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும்.

எரிமலை

தீவில் இரண்டு மலைகள். பித்தோன் தே நேஜ், 3,070 மீட்டர், அது தூங்கிப்போன கிழவர். தென்கிழக்கில் இருக்கிற பித்தோன் தெ லா ஃபுர்னேஸ், 2,632 மீட்டர், அதுதான் இன்னும் வேலை செய்கிறது, உலகிலேயே அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. வெடிக்கிறது என்றதும் வீட்டில் பெரியவர்கள் பதறுவார்கள். இது குப்பென்று வானத்துக்குச் சாம்பலைத் தூக்கி எறிகிற வகை அல்ல. இளகிய பாகு மாதிரிப் பாறைக்குழம்பு பிளவுகளிலிருந்து வழிந்து ஓடுகிற வகை. 1979-லிருந்து ஒரு கண்காணிப்பு நிலையம் இரவு பகலாக அதன் நாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அறிகுறி தெரிந்ததும் எரிமலையைச் சுற்றியிருக்கிற உள்பள்ளத்துக்குப் போகும் வாசலை மூடிவிடுவார்கள். மூடியிருந்தால் தாண்டிப் போக வேண்டாம், அவ்வளவுதான்.

எப்படிப் போவது: முதல் நாள் ராத்திரியே மேட்டுநிலத்தில் இருக்கிற பூர் முராவிலோ, மேலே எரிமலை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற விடுதியிலோ தங்கிவிடுங்கள். கரையிலிருந்து மூன்று மணிக்கு எழுந்து ஓட்டுகிறவர்களும் உண்டு, எனக்கு அந்த வயது போய்விட்டது. பூர் முராவிலிருந்து காட்டு வழியாக ஏறினால் கொஞ்ச தூரம் வரை பசும்புல்லும் மாடுகளுமாக ஊட்டிப் பக்கம் போவதுபோல இருக்கும். பிறகு ஒரு வளைவில் திரும்பியதும் எல்லாம் நின்றுபோகும். கீழே பிளேன் தே சாப்ல், மணல் சமவெளி என்று அர்த்தம். செம்மண்ணும் கருஞ்சாம்பலுமாக, ஒரு மரம் கிடையாது. இங்கே வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் பாருங்கள், விடியும் நேரத்தில் அந்தச் சிவப்பு நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிறது.

சாலை முடிகிற இடம் பா தெ பெல்கோம்ப், 2,311 மீட்டர். ஜூலை, ஆகஸ்டில் விடிகாலை இங்கே உறைபனி நிலைக்குப் பக்கத்தில் இறங்கும். கடற்கரை விடுமுறை என்று அரைக்கால் சட்டையோடு வந்தவர்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஸ்வெட்டர், காற்று புகாத மேல்சட்டை, தொப்பி, ஒரு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். மேலே நிழலும் கிடையாது, குழாயும் கிடையாது.

வாசல் திறந்திருந்தால் ஐந்நூறு படிக்கு மேல் இறங்க வேண்டும். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஃபோர்மிகா லியோ என்ற சின்னச் செங்குன்று, உச்சியில் இரண்டு குழி. அந்தப் பெயருக்கு அர்த்தம் தெரிந்தபோது சிரிப்பு வந்தது: குழியானை. மணலில் கூம்புக்குழி தோண்டி எறும்புக்குக் காத்திருக்குமே, சின்ன வயதில் குச்சி விட்டுக் கிளறுவோமே, அதேதான். முழங்கால் வலி இருப்பவர்கள், குழந்தைகளோடு வந்தவர்கள் இதுவரைக்கும் போய்த் திரும்பலாம், அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகும். உச்சிப் பள்ளத்தின் விளிம்புவரை போய்வர ஐந்தாறு மணி நேரம். பாறையில் வெள்ளைப் பெயின்ட் புள்ளி வைத்திருப்பார்கள், அதை விட்டு விலகாதீர்கள். மேகம் வந்தால் பத்தடி தூரம் தெரியாது, அப்போது அந்தப் புள்ளிகள்தான் துணை. விளிம்பில் எட்டிப் பார்க்கிற தொலொமியூ பள்ளத்தின் தரை, 2007 ஏப்ரலில் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிப்போனது.

நடக்கும்போது கீழே பார்த்து நடங்கள், விழாமல் இருக்க மட்டுமல்ல. ஓரிடத்தில் உறைந்த குழம்பு வழவழப்பாக, கயிறு திரித்துச் சுருட்டி வைத்ததுபோல மடிப்பு மடிப்பாகக் கிடக்கும். நாலடி தள்ளி அதே குழம்பு உடைந்த செங்கல் குவியல் மாதிரிச் சொரசொரவென்று கிடக்கும். இரண்டும் ஒரே பொருள், குளிர்ந்த விதமும் ஓடிய வேகமும் வேறு. சொரசொர வகைக்கு இங்கத்திய பெயர் கிராத்தோன், பன்றித்தோலைப் பொரித்த வறுவலுக்கும் அதே பெயர்தான். அதன் மேல் கையை ஊன்றினால் கண்ணாடி கீறினதுபோல இருக்கும். நான் ஊன்றினேன். மலிவான விளையாட்டு ஷூ போட்டுப் போயிருந்தேன், அதன் அடிப்பாகம் ஒரு பக்கம் வாய் பிளந்துகொண்டது. கெட்டியான அடிப்பாகம் உள்ள, ஏற்கெனவே பழகிய ஷூ போதும். செருப்பு வேண்டவே வேண்டாம்.

போகிற வாரம் எரிமலை பொங்கிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். உள்ளே விடமாட்டார்கள், ஆனால் அனுமதித்த விளிம்புகளிலிருந்து ராத்திரியில் செந்தீற்று தெரியும். தீவே திரண்டு வரும், அரைத் திருவிழா. கைவிளக்கும் பொறுமையும் கொண்டு போங்கள்.

தென்கிழக்குக் கரை

எரிமலையின் மறுபக்கம் கடலைத் தொடுகிற இடத்துக்குக் கிரான் ப்ரூலே என்று பெயர், பெரிய எரிந்த நிலம். இதைக் காரிலேயே பார்க்கலாம். தேசியச் சாலை 2, பல தடவை குழம்பு வழிந்து மூடி, மறுபடி வெட்டிப் போட்ட சாலை. ஒவ்வொரு குழம்போட்டத்துக்கும் பக்கத்தில் அது வந்த வருஷத்தைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தத் தீவில் மிகவும் பிடித்தது இந்தப் பலகைகள்தான். பலகைக்குப் பலகை நிறுத்தி இறங்கிப் பாருங்கள். சமீபத்தியதில் வெறும் கறுப்பு. கொஞ்சம் பழையதில் பாறை மேல் சாம்பல் நிறத்தில் பூசினதுபோல லைக்கன். இன்னும் பழையதில் இடுக்குகளில் பெரணிச் செடி. அதைவிடப் பழையதில் மரமே வந்துவிட்டது. பாறை எப்படிக் காடாகிறது என்பதை அரை மணி நேரக் கார் பயணத்தில் பார்த்துவிடலாம். மழை பெய்து ஓய்ந்த பிறகு சில இடங்களில் தரையிலிருந்து ஆவிகூட வரும்.

பித்தோன் சேந்த் ரோஸ் என்ற ஊரில் ஒரு தேவாலயம். 1977 ஏப்ரலில் குழம்பு ஊருக்குள் வந்து வீடுகளை விழுங்கியபோது, இந்தக் கோவில் வாசலில் வந்து இரண்டாகப் பிரிந்து சுற்றிக்கொண்டு போனது. வாசற்படி வரை உறைந்த கறுப்புக் குழம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. நம்புகிறவர்களுக்கு அற்புதம், மற்றவர்களுக்கு நிலத்தின் வாட்டம். எதுவானாலும் பார்க்க வேண்டிய இடம், பத்து நிமிஷம் போதும்.

2007-ல் குழம்பு கடலுக்குள் இறங்கித் தீவுக்குப் புதிதாக நிலம் சேர்த்தது. த்ரெம்ப்லே பக்கம் அப்போது உருவான சின்னக் கடற்கரையில் மணலை ஒரு பிடி அள்ளி வெயிலில் காட்டினால் கறுப்புக்கு நடுவே பச்சைப் பாசிமணி மாதிரி மினுக்கும். அது ஒலிவின் என்ற கனிமம், எரிமலைப் பாறையிலிருந்து உதிர்ந்து வந்தது. கறுப்பு மணல் பாறைக்குழம்பு பொடிந்தது, மேற்குக் கரை வெள்ளை மணல் பவளமும் சிப்பியும் பொடிந்தது. ஒரே தீவில் மூன்று நிற மணல். ஆசைக்குப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள், பார்த்துவிட்டுப் போட்டுவிடுங்கள். இங்கே குளிக்கவும் கூடாது, அலை அடித்துக்கொண்டு போய்விடும். 2004-ல் வந்த குழம்போட்டத்தின் அடியில் குகைபோலக் குழாய்கள் இருக்கின்றன, வழிகாட்டியோடு தலைக்கவசம் போட்டுத் தவழ்ந்து போகலாம், முன்பதிவு வேண்டும். வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழையக் கூடாது.

அப்படியே தெற்கே வந்தால் காப் மெஷான். கருங்கல் செங்குத்தில் கடல் மோதித் தெறிக்கிற இடம், சுற்றிலும் தாழை இனத்து மரங்கள். அவற்றின் ஓலையில் கூடையும் பையும் முடைகிறார்கள்.

கடல்

இதைக் கவனமாகப் படியுங்கள். இந்தத் தீவில் எங்கே வேண்டுமானாலும் கடலில் இறங்க முடியாது. 2011-லிருந்து சுறாத் தாக்குதல்கள் கூடி, சில ஆண்டுகளுக்குள் பத்துப் பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெரும்பாலும் சர்ஃபிங் செய்தவர்கள், குளித்தவர்கள். 2013-லிருந்து பவளத்திட்டு காக்கும் காயல்களிலும் காவலர்கள் இருக்கிற குறித்த இடங்களிலும் மட்டும்தான் குளிக்க அனுமதி. பலகையைப் பாருங்கள், கொடியைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் காவலரிடம் கேளுங்கள். அலை அழகாக இருக்கிறது, மணல் காலியாக இருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

அதனால் குறை ஒன்றும் இல்லை. லெர்மித்தாஜ், லா சலீன் கடற்கரைகள் ஒன்றோடொன்று சேர்ந்தவை. பவளத்திட்டு தூரத்தில் வெள்ளைக் கோடாக அலையை வாங்கிக்கொள்ளும், இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர், குளம் மாதிரி. நீச்சல் தெரியாதவர்கள்கூட முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு குப்புற மிதந்தால் போதும், மீன்கள் கையருகே வரும். பவளத்தின் மேல் கால் வைக்காதீர்கள், அது உயிருள்ளது, உங்கள் காலையும் கிழிக்கும். ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள், கடல் முள்ளெலியும் விஷமுள் உள்ள கல்மீனும் உண்டு. லெர்மித்தாஜில் திட்டு உடைந்து கடலுக்குத் திறக்கிற வாய் ஒன்று இருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் போகாதீர்கள், காயலில் சேர்ந்த தண்ணீரெல்லாம் அதன் வழியாகத்தான் வெளியேறும், ஆளையும் இழுத்துக்கொண்டு போகும்.

எத்தான் சலேயில் கறுப்பு மணல். பார்க்க அருமை, பன்னிரண்டு மணிக்கு வெறுங்காலோடு நடந்தால் தோசைக்கல். நாலு மணிக்கு மேல் போங்கள். தெற்கே மனபனியில் கருங்கல்லை அடுக்கிக் கட்டிய கடல்குளம், குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நல்லது. அங்கே தாழை இலைகளில் பளபளவென்று பச்சைப் பல்லி ஒன்று இருக்கும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனம், பொறுமையாகத் தேடினால் கண்ணில் படும். சேன் லெவில் கெலோனியா என்ற கடலாமை மையம், அடிபட்ட ஆமைகளைத் தேற்றி மறுபடி கடலில் விடுகிறார்கள். ஜூன் கடைசி முதல் அக்டோபர் வரை கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டி போட வரும், படகில் போகலாம். ஆனால் சாலையோரம் நின்றே நான் இரண்டு தடவை பார்த்தேன், காசு மிச்சம்.

சாப்பாடும் நம் ஆட்களும்

1848 டிசம்பர் 20-ல் இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே, புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கூலி ஒப்பந்தத்தில் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள், பெரும்பாலும் தமிழர்கள். அவர்களின் வாரிசுகளை இங்கே மல்பார் என்பார்கள். பெயர்ப்பலகைகளில் வீரப்பன், ராமசாமி போன்ற பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் உருமாறித் தெரியும். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. சேன் பியேரில் ஒரு கோவிலில் வயதான அம்மா ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தமிழ்ப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். மடியில் இருந்த நோட்டை எட்டிப் பார்த்தேன், முழுக்க ரோமன் எழுத்து. காவடி, தீமிதி எல்லாம் உண்டு. கோவிலுக்குள் போவதாக இருந்தால் தோல் பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள், இங்கே அதில் நம்மைவிடக் கறார்.

சாப்பாட்டில் நம் வாசனை நிறைய. சோறு, அவரை வகைக் குழம்பு, காரி என்கிற மசாலாக் கறி, கூடவே ருகாய். ருகாய் தக்காளியும் மிளகாயும் இடித்துச் செய்வது, அந்தப் பேர் நம் ஊறுகாயிலிருந்து வந்தது என்பார்கள், ருசி பார்த்தால் துவையலுக்குப் பக்கத்தில் இருக்கும். முருங்கைக்கீரைக்கு இங்கே ப்ரேத் முரூம். சலாசி பள்ளத்தாக்கில் வேலி வேலியாகத் தொங்குகிற ஷுஷு, நம் சௌசௌதான். ஆட்டுக்கறி மசாலே தவறவிடாதீர்கள். பன்றி சாப்பிடாதவர்கள் ருகாய் சொசீஸ் (தொத்திறைச்சி போட்டது), பூஷோன் (ஆவியில் வேகவைத்த இறைச்சி உருண்டை) இரண்டையும் கேட்டு விலக்குங்கள். சைவம் என்றால் சோறு, பருப்பு, கீரை, அச்சார் என்று தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள், "சைவம்" என்று பொதுவாகச் சொன்னால் மீன் வரும். உணவகங்களில் மத்தியானச் சமையல் ஒன்றரைக்கு மேல் சூடாறிவிடும். அப்புறம் சாலையோர வண்டிக் கடைதான், அதுவும் மோசமில்லை. மிளகாய்ப் போண்டா மாதிரி இருக்கிற போன்போன் பிமான் அங்கேதான் சூடாகக் கிடைக்கும்.

வனிலா வாங்குகிறவர்கள் வெள்ளி, சனி காலையில் சேன் பால் கடற்கரைச் சந்தையில் வாங்குங்கள். காய் கறுப்பாக, எண்ணெய்ப் பசையோடு, விரலில் சுற்றினால் உடையாமல் வளைய வேண்டும். மெக்சிகோவிலிருந்து வந்த இந்தக் கொடி இங்கே பூத்தும் காய்க்காமல் கிடந்தது, மகரந்தம் சேர்க்க அங்கத்திய பூச்சி இல்லை. 1841-ல் எத்மோன் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன்தான் ஒரு குச்சியும் கட்டைவிரலும் வைத்து அதைச் செய்கிற வழியைக் கண்டுபிடித்தான். இன்றும் உலகம் முழுக்கத் தோட்டங்களில் அதே கைவழிதான்.

நாள் மிச்சம் இருந்தால் சலாசியும் ஹெல்பூர் கிராமமும் ஒரு நாள். சிலாவோஸ் போக வளைவுகள் நானூறு என்பார்கள், நான் நூறோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காரட்டும், மழை பெய்த மறுநாள் பாறை உருளும் என்பதால் அந்தச் சாலையைத் தவிருங்கள். மஃபாத்துக்குச் சாலையே கிடையாது, நடை அல்லது ஹெலிகாப்டர். ஏழு நாள் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

கடைசி நாளை ஞாயிற்றுக்கிழமையாக வைத்துக்கொண்டு லெர்மித்தாஜுக்குப் போங்கள், ஆனால் காலை எட்டுக்குள். அங்கே கடற்கரை முழுக்கச் சவுக்கு மரங்கள், ஒவ்வொரு மரத்தடியும் ஒவ்வொரு குடும்பத்துக்கு. விறகு, குண்டான், அரிசி மூட்டை, பாட்டியின் நாற்காலி எல்லாம் இறங்கும். பத்து மணிக்குத் தாளிக்கும் வாசனை வரும். பக்கத்து மரத்தடிக்காரர்கள் தட்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், நீங்களும் ஒரு அன்னாசியாவது கொண்டுபோயிருங்கள்.